கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்

மெட்ராஸ் கால்பந்து ஆட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்களைக் கணக்கு வாத்தியார் சாரங்கபாணி ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. அங்கே தூரத்து காலரியிலிருந்து பார்த்தால் ஆட்டக்காரன் எறும்பளவுதான் தெரிவான். தூத்துக்குடிக் கடற்கரை மணலில் உப்பளத்தாரும், கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் குளிக்காரர்களும் கால்பந்து ஆடினால், கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டே பார்க்கலாம். எவன் என்ன கெட்ட வார்த்தை சொன்னான் என்பது வரை காதில் விழும். ஞாயிறுதோறும் பார்த்து, உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுப்பார். நாதியற்ற ஒருத்தனை அரைப் பக்கத்தில் வீரனாக்கிவிடலாம். அந்தப் போதை அவருக்குத் தலைக்கேறியிருந்தது.

நாற்பத்தாறாம் வருஷம், சங்குக்குளி தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு. இடைவேளையில், குளிக்காரர் கட்சியின் கோல்கீப்பர் விக்டர் கம்பத்துக்குப் பின்னால் போய்க் குனிந்து இருமினான். மணலில் ரத்தம். காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு நிமிர்ந்தால் எதிரே வாத்தியார்.

"சார்வாள், இத யாருட்டயும் சொல்லிராதீய. சங்குக்குளி அதிகாரிக்குத் தெரிஞ்சா கடல்ல எறங்கச் சீட்டு தரமாட்டாரு. வீட்ல நாலு வயிறு கெடக்கு."

"நான் ஏன்டா சொல்லப்போறேன்?" என்றார். அப்போது உண்மையாகவேதான் சொன்னார்.

இரண்டாம் பாதியில் விக்டர் ஒரு பந்தைக்கூட உள்ளே விடவில்லை. வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தவருக்கு அந்த வரி தானாக வந்து விழுந்தது: 'நெஞ்சிலிருந்து வந்த ரத்தத்தை மணலில் புதைத்துவிட்டு, அதே மணலில் நின்று கோலைக் காத்தான் விக்டர்.' இரண்டு முறை அதைக் கோடு போட்டு அடித்தார். இரண்டு முறையும் திரும்ப எழுதினார். அது இல்லாமல் கட்டுரை சப்பென்று இருந்தது. இந்தக் காகிதத்தையெல்லாம் அதிகாரி எங்கே படிக்கப்போகிறார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை பத்திரிகையும் கையுமாக விக்டரே வந்துவிட்டான். அவனுக்கு எழுத்து தெரியாது.

"எம் பேரு எங்கன இருக்கு? வாசிங்க சார்வாள்."

வாசித்தார். அந்த வரி வந்ததும் தாண்டிப் போனார். கணக்கு வாத்தியாருக்கு நடுவில் ஒரு படியை விட்டுவிட்டு விடைக்குப் போகத் தெரியாதா? விக்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டு கிளம்பினான். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். கோழை, நிறுத்தவில்லை.

மறுநாள் சீட்டு வாங்குகிற வரிசையில், "என்னப் பத்தி அச்சுல போட்டிருக்காவ அய்யா" என்று விக்டர் தானே அந்தத் தாளை அதிகாரியிடம் நீட்டினான். அதிகாரி ஒரு வரி விடாமல் படித்தார். சீட்டு கிடைக்கவில்லை.

சாயங்காலம் வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றான். அடிக்கப்போகிறான் என்று சாரங்கபாணி நினைத்தார். அடித்திருந்தால் தேவலை.

"அந்த வரிய மட்டும் வாசிங்க."

எப்படியோ வாசித்து முடித்தார். விக்டர் கண்ணை மூடிக் கேட்டான்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிய, சார்வாள்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனான்.

பாவி சாரங்கபாணிக்கு அந்த நேரத்திலும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.