நாட்டு மலருக்கு ஒரு முட்டு

எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது என்றால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்று அர்த்தம். "நம் நாட்டு மலர் தலை நிமிர்ந்து நிற்கும். நாமும் அப்படித்தான்" என்று புத்தகத்தில் இருந்ததைப் படித்தேன். சுவர்ப் படத்திலும், பிள்ளைகளின் சட்டைப்பைச் சின்னத்திலும், சில்லறைக் காசிலும் அதே வெள்ளைப் பூ, வானத்தைப் பார்த்தபடி. பாடம் அதோடு முடிந்திருக்க வேண்டும். வகுப்பின் வாயாடி எழுந்தாள்.

"டீச்சர், அது வாசனையா இருக்குமா?"

"இருக்கும்."

"நீங்க மோந்து பாத்திருக்கீங்களா?"

மோந்து பார்ப்பது இருக்கட்டும், நான் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். ஒரு கைகூட எழவில்லை. ஆசிரியர் அறையில் கேட்டேன், அங்கேயும் அதே கதைதான். பூக்கடைக்காரர், "அதையெல்லாம் யாருங்க வாங்குறாங்க?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். எல்லோருக்கும் தெரிந்த பூவை ஒருவருமே பார்த்ததில்லை என்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. அதைவிட, எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்ற அரிப்பு பிடித்துக்கொண்டது.

அந்த வாரம்தான் பள்ளி விழா ஒத்திகை. எங்கள் வகுப்பு நாடகத்தில் நாட்டு மலர் வேடம் யாருக்கு என்றதும் மௌனச்சாமி கை தூக்கினாள். பிள்ளைகள் வைத்த பெயர் அது. பேசினால் தன் ஷூவோடுதான் பேசுவாள். அந்த வருடம் அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இதைத்தான் கேட்டாள். தையல்காரரான அவள் அப்பா ஒரே ராத்திரியில் வெள்ளைத் துணியில் இதழ்கள் தைத்து அனுப்பிவிட்டார்.

ஒத்திகையில் அவளுக்கு ஒரே வரி. "தலை நிமிர்ந்து நிற்கும் நாட்டு மலர் நான்." அதையும் தரையைப் பார்த்துச் சொன்னாள். கொல்லென்று சிரிப்பு. தலைமையாசிரியை என்னைத் தனியே அழைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள தலையைத் தூக்கலேன்னா வேற பிள்ளைக்குக் குடுத்துடுங்க. அத்தனை பேர் முன்னாடி அந்தக் குழந்தைக்குத்தான் அசிங்கம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் வேடத்தைப் பிடுங்க மனம் வரவில்லை. மூன்று நாள் கெஞ்சியும் கொஞ்சியும் பார்த்தேன். அவள் தலை நிமிரவே இல்லை.

என் அண்ணன் பூங்காக்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். நாற்றுப்பண்ணையில் காலில் விழாத குறையாகக் கேட்டு ஒரு தொட்டிச் செடியை இரவல் வாங்கி வந்தான். இரண்டு பூ, நாலைந்து மொட்டு. எல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

"நீ லாரியில குலுக்கி எடுத்துட்டு வந்திருப்பே."

"பக்கத்து சீட்டுல பெல்ட் போட்டு உக்கார வெச்சு கொண்டு வந்தேன். என்னைச் சொல்லாதே."

தண்ணீர் ஊற்றினோம், ஜன்னலோரம் வைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் கோலத்தில் நாட்டு மலரைப் பிள்ளைகளிடம் எப்படிக் காட்டுவது? இரண்டு குச்சி நட்டு, பூக்களின் கழுத்தில் நூல் கட்டி, படத்தில் இருக்கிற மாதிரியே நிமிர்த்தி வைத்தோம். அண்ணன் தள்ளி நின்று பார்த்தான். "இப்பதான் நாட்டு மலர் மாதிரி இருக்கு."

மறுநாள் வகுப்பே தொட்டியை மொய்த்தது. வாசனை இருந்தது, சோப்பு மாதிரி லேசாக. மௌனச்சாமியின் பார்வை எப்போதும் கீழேதானே? குச்சியை அவள்தான் கண்டுபிடித்தாள்.

"ஏன் கட்டிப் போட்டிருக்கு?"

"வாடிப்போச்சும்மா."

"இதழ் வாடலையே."

தொட்டுப் பார்த்தேன். இதழ் விறைப்பாகத்தான் இருந்தது. என் மண்டைக்குள் ஏதோ குடைந்தது. கத்தரிக்கோலை எடுத்து ஒரு நூலை வெட்டினேன். பூ கீழே கவிழ்ந்து, இரண்டு ஆட்டம் ஆடி, நிம்மதியாக நின்றது.

"மழை பெஞ்சா என்னாகும்?" என்ற வாயாடி, நான் தடுப்பதற்குள் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துவிட்டாள். கட்டியிருந்த பூ கிண்ணம் போல நிறைந்து, உள்ளே இருந்த மஞ்சள் பொடி கரைந்து வழிந்தது. கவிழ்ந்த பூவின் முதுகில் தண்ணீர் வழுக்கி ஓடியது. உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே, தொட்டியை மேசை ஓரத்துக்கு இழுத்துவிட்டுப் பிள்ளைகள் தரையில் மல்லாந்து படுத்தார்கள். நானும் படுத்தேன். பொடி ஒரு துளி நனையாமல் பளிச்சென்று இருந்தது. இவ்வளவு அழகை உள்ளே வைத்துக்கொண்டா இது காசிலும் சட்டையிலும் தலைகீழாக நிற்கிறது?

தலைமையாசிரியை வந்தபோது நாங்கள் அப்படியேதான் கிடந்தோம். நான் அவசரமாக எழுந்து விஷயத்தைச் சொன்னேன்.

"புத்தகத்துல நிமிர்ந்துதானே இருக்கு?" என்றார்.

மௌனச்சாமி தன் ஷூவிடம் சொன்னாள். "படம் வரைஞ்சவங்களுக்கும் யாராவது கட்டிக் குடுத்திருப்பாங்க."

எனக்கு முகம் சுட்டது. தலைமையாசிரியை மேசையைப் பிடித்துக்கொண்டு, முட்டிவலியோடு மெல்ல இறங்கி, பூவுக்குள் நெடுநேரம் பார்த்தார்.

"வேஷம் இவளுக்கே இருக்கட்டும்," என்றார் எழுந்துகொண்டே. "அந்த வரியை மட்டும் மாத்தணும்."

"என்ன சொல்லலாம்?" என்று அவளைக் கேட்டேன். அவள் யோசிப்பதாகத் தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை வரை யோசித்துக்கொண்டே இருந்தாள், என் உயிரை எடுத்தாள்.

விழாவில் அவள் வெள்ளை இதழ்களோடு மேடை நடுவில் வந்து தலை குனிந்து நின்றாள். அரங்கில் கசமுசா. மறந்துவிட்டாள் போல என்று யாரோ சொன்னது எனக்கே கேட்டது. அவள் வாயைத் திறந்தாள்.

"நான் நம்ம நாட்டு மலர். என் முகம் பாக்கணும்னா நீங்க கொஞ்சம் குனியணும்."

யாரும் அசையவில்லை. பிறகு அவள் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து மேடையின் விளிம்புக்கு வந்து, மண்டியிட்டு, கழுத்தை வளைத்து மேலே பார்த்தார். ஓரத்தில் நின்ற எனக்கு அவள் முகம் தெரியவில்லை. அவர் முகம்தான் தெரிந்தது. அவள் சிரிக்கிறாள் என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.