வெத்ரோவின் எட்டுச் செலவு

போன பங்குனியில் ஆக்லாந்தின் ஒனிஹங்காவில், இலியா வெத்ரோவ் இறந்த எட்டாம் நாள் நடந்த எட்டுச் செலவில் சாப்பிட்ட எல்லோருக்கும், ருஷ்ய மொழி ஒரு சொல்லும் தெரியாமலே, அவருடைய நாவலில் ஆளுக்கொரு பக்கம் வாயில் வந்துவிட்டது. அந்த வாரம் தக்காளி விலையும் ஏறியிருந்தது.

வெத்ரோவ் தன் நாட்டு அரசைப் பகைத்து எழுதியவர். நாவலை அவர் கண்ணெதிரே எரித்து, அவரைச் சிறைமுகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே முழுவதையும் மனதுக்குள் மறுபடி எழுதினார். அகதியாக வந்து, டெய்ரி என்கிற மூலைக்கடை நடத்தும் பத்மாவதியின் பின்வீட்டில் வாடகைக்கு இருந்த காலமெல்லாம் ஒரு வரியைக்கூடக் காகிதத்தில் வைக்கவில்லை. காகிதம் என்றால் பறிக்க ஆள் வரும் என்று பயம். சொந்த நாட்டில் விட்டுவந்த மகள் வேரா, அப்பாவுக்குத் தன்னைவிட நாவல்தான் பெரிது என்ற கோபத்திலேயே வளர்ந்தாள். சாவதற்கு முன் தொலைபேசியில் அவர் அவளிடம் சொன்னது ஒன்றுதான்: கடைசிப் பக்கம் உனக்கு.

உறவென்று யாரும் இங்கே இல்லாத மனிதர் என்று பத்மாவதி எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தாள். உப்பில் ஊறிய வெள்ளரிக்காய், கருவாட்டுக் குழம்பு, ஒரு போத்தல் வொட்கா. தெருவே வந்து சாப்பிட்டது. மறுநாள் காலை, பாலுக்குக் காசு வாங்கியபடியே பத்மாவதி ஒரு பக்கத்தை ருஷ்ய மொழியில் பொழிந்து தள்ளினாள். பிறகு பஸ் ஓட்டும் சதாசிவம், பிறகு எதிர்வீட்டு டோங்கா நாட்டுப் பாதிரியார். அன்று வந்திறங்கிய வேரா வீடு வீடாக ஓடிப் போனில் பதிவுசெய்தாள். பக்கத்தோடு பக்கம் பொருந்தப் பொருந்தத் தெருவுக்கே திருவிழாக் களை வந்தது. ஒரு வாரமாகியும் கடைசிப் பக்கம் மட்டும் ஒருவர் வாயிலும் இல்லை. விடிந்தால் அவளுக்குத் திரும்பும் விமானம்.

எல்லோர் கண்ணும் பத்மாவதியின் கணவர் விநாயகமூர்த்தி மேல் விழுந்தது. சதுரங்கச் சண்டையில் வெத்ரோவோடு பேச்சை விட்டவர் அவர். பத்மாவதியே கேட்டாள்.

“உண்மையைச் சொல்லுங்கோ. கோவத்தில பக்கத்தை ஒளிச்சு வச்சிருக்கிறியளோ?”

“விசரே உமக்கு? நான் அண்டைக்குச் சிப்ஸ்தான் திண்டனான். என்ர வாய்க்குள்ள உருளைக்கிழங்கைத்தான் தேடலாம்.”

“அப்ப ஆரிட்ட போச்சு?”

“காகத்துக்கெண்டு மதில்ல வச்சனீரே, அதை ஆர் திண்டது?”

பத்மாவதி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆக்லாந்தில் காகம் ஏது? இத்தனை வருஷம் இருந்தும் கைப்பழக்கத்தில் வைத்துவிட்டாள். கருவாட்டு வாசத்துக்குக் கடற்பறவையை விட்டால் வேறெது வரும்!

தெருவே துறைமுகத்துக்கு ஓடியது. வேரா செருப்பைக்கூட மாட்டவில்லை. கடற்பறவைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் தனியாக ஒரு கம்பத்தில் நின்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வேரா கேட்டாள், அழுதாள், சிரித்தாள். பிறகு மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: சின்னப் பெண் ஒருத்தி ரயிலிலிருந்து இறங்குகிறாள், பனியில் அவள் அப்பா நிற்கிறார், ரயிலுக்கு வெகுநேரம் முன்பே வந்துவிட்டிருக்கிறார்.

நாவல் குளிர்காலத்தில் அச்சாகிவிட்டது. உச்சரிப்பில் பறவைதான் சுத்தம் என்று வேரா சொன்னதில் சதாசிவத்துக்கு இன்னும் மனக்குறை. பத்மாவதி மதிலில் கருவாடு வைக்கிறாள். பறவை வந்து தின்று, பக்கத்தைச் சொல்லிவிட்டுப் போகிறது. வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் சைவம் என்பதால் அன்று மட்டும் வருவதில்லை.