மாடியிலிருந்து இறக்கிய ஓணான்கள்

தையல்காரியின் கொழுந்தன் யார் வம்புக்கும் போகாதவன். செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. கையில் நாலு காசு சேர்ந்தால் அது மாடி அறைக்குப் போய்விடும். அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் சின்னச் சின்ன ஆமைகளும், முதுகில் முள்வரிசையோடு முழ நீளத்துக்கு இகுவானாக்களும் இருந்தன. கடல் தாண்டித் திருட்டுத்தனமாக வந்தவை. லைசென்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை.

“ஓணானுக்கு இவ்வளவு சீராட்டா?” என்று தையல்காரி கேட்பாள்.

“இகுவானா, அண்ணி” என்று அவன் திருத்துவான். இருப்பதிலேயே பெரிய பெண் இகுவானாவுக்கு ‘பெரியவ’ என்று பெயர் வைத்திருந்தான்.

அவளுக்கும் அவற்றின்மேல் வெறுப்பில்லை. கீழே மிஷின் ஓட்டும்போது தலைக்கு மேலே நகங்கள் கீறும் சத்தம் பழகிப்போயிருந்தது. சமையலுக்கு அரிந்த கீரையில் ஒரு பிடி எப்போதும் மாடிக்குப் போகும்.

அவளுடைய மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல் வந்து, வயிற்றுப்போக்கில் ரத்தம் கலந்தபோதுதான் எல்லாம் மாறியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட கேள்வி அவளைத் தூக்கிவாரிப்போட்டது. “வீட்டுல ஆமை, பல்லி மாதிரி ஏதாவது வளர்க்கறீங்களா? அதுங்ககிட்டருந்து ஒட்டற கிருமி இது.”

குழந்தை பிழைத்து வந்தது, கிழிந்த நாராக. அன்றே கொழுந்தனிடம் சொன்னாள். “இதுங்களை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடு. இல்லன்னா நானே ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போன் போட்டுடுவேன்.”

“எங்க விடறது அண்ணி? வெளில விட்டா செத்துடும். யார்கிட்டயாவது குடுத்தா வித்துடுவாங்க.”

இன்றைக்கு, நாளைக்கு என்று அவன் நாளைக் கடத்தினான். ஒரு மத்தியானம் குழந்தை மாடிப்படியில் உட்கார்ந்து ஓர் ஆமையைக் கன்னத்தில் ஒட்டிக் கொஞ்சிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். குழந்தையின் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கொழுந்தன் எதிரிலேயே போனை எடுத்தாள். அவன் தடுக்கவில்லை. ஒளித்துவைக்கவும் ஓடவில்லை.

அதிகாரிகள் வந்து பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அவன்மேல் வழக்கு பதிவானது, ஜாமீன் கிடைத்தது, தீர்ப்பு வரும்வரை அந்த உயிர்களின் பக்கமே போகக்கூடாது என்று நிபந்தனை. லாரி ஓட்டிவிட்டு வீடு திரும்பிய கணவன் சொன்னது ஒன்றுதான். “செஞ்சது தப்பில்ல. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு செஞ்சிருக்கலாம்.” கொழுந்தன் அதைக்கூடச் சொல்லவில்லை. அவளோடு பேசுவதையே விட்டுவிட்டான்.

சில நாள் கழித்து, அவற்றைக் கொண்டுபோய் வைத்திருந்த விலங்கு மீட்பு மையத்திலிருந்து கால்நடை டாக்டரம்மா போன் செய்தார்.

“புகார் குடுத்தது நீங்கதானே? இதுங்க எதையும் தொட மாட்டேங்குது. வீட்டுல என்ன குடுத்தீங்க?”

தெரிந்தவன் கொழுந்தன் ஒருவன்தான். அவன் தட்டில் சோறு போட்டபடி யாரையும் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னாள். அவன் குழந்தையின் பக்கம் திரும்பினான்.

“பாப்பா, செம்பருத்திப் பூவைக் கிள்ளிப் போட்டா பெரியவ சாப்பிடுவான்னு உங்கம்மாகிட்ட சொல்லு. கீரை மேல தண்ணி தெளிக்கணும். சூடு பத்தலன்னா வயித்துல எதுவும் செரிக்காது.”

“அம்மா, பெரியவளுக்குப் பூ வைக்கணுமாம்” என்றது குழந்தை. அவன் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது.

மையத்தில் நாய்களைக் குளிப்பாட்டுகிற அறையைக் காலி செய்து அவற்றை வைத்திருந்தார்கள். ஈரமான டைல்ஸ் தரை. மூலையில் ஒரே ஒரு ஹீட்டர். அவள் போவதற்குள் இரண்டு இகுவானாக்கள் செத்திருந்தன. மற்றவற்றின் பச்சை மங்கிச் சாம்பல் பூத்திருந்தது. இரண்டுக்கு வாயோரம் புண். டாக்டரம்மா சூட்டுக்காகத் தன் வீட்டு விளக்குகளைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். தையல்காரி கையுறை போட்டுக்கொண்டு பூவை நீட்டினாள். பெரியவள் வெகுநேரம் பார்த்தது. பிறகு ஒரு கவ்வு.

அதன்பின் தினமும் போனாள். ‘வீட்டை விட்டுத் துரத்தினவளே விருந்து வைக்கிறாள்’ என்று தன்னைத்தானே நொந்துகொண்டாள். ஆனாலும் காலையானால் கால் அங்கேதான் போனது.

ஒருநாள் பெரியவள் டைல்ஸ் தரையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. நகங்களில் ரத்தம் கசிந்தது. வயிறு இருபுறமும் புடைத்திருந்ததைப் பார்த்ததும் தையல்காரிக்குப் புரிந்துவிட்டது. டாக்டரம்மாவும் அவளுமாக ஒரு தொட்டியில் மணல் நிரப்பி வைத்தார்கள். மறுநாள் மணலுக்குள் வெள்ளை வெள்ளையாக முட்டைகள். பெரியவள் தோல் சுருங்கி, கண்மூடி, விளக்கின் கீழே கிடந்தது.

அந்த வாரமே உத்தரவு வந்தது. ஆமைகளை வேறோர் ஊரின் விலங்குப் பூங்கா எடுத்துக்கொள்ளும். இகுவானாக்களைக் கேட்பார் இல்லை. கோர்ட் அனுமதியோடு கருணைக்கொலை.

“வந்த ஊருக்கே அனுப்பக்கூடாதா?” என்று கேட்டாள்.

“எந்த ஊருன்னு யாருக்குத் தெரியும்? தெரிஞ்சாலும், இங்க ஒட்டின நோயை அங்க காட்டுல கொண்டுபோய் விட முடியாது. இங்க விட்டா ஒண்ணு இதுங்க சாகும். இல்லன்னா பெருகி, இங்க இருக்கற உயிருங்க வயித்துல அடிக்கும்.”

“அப்போ எதுக்குப் பிடிச்சீங்க?”

“பிடிக்கலன்னா இன்னும் பத்துப் பேர் வாங்குவாங்க.” டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிடிக்கறதுக்குச் சட்டம் போட்டாங்க. பிடிச்சதை எங்க வைக்கறதுன்னு யாரும் யோசிக்கல. எத்தனை இடத்துல கேட்டேன் தெரியுமா?”

“நான் கொண்டுபோகட்டுமா?” கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று தையல்காரிக்கே உறைத்தது.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. “பொண்ணை நெனச்சுத்தானே போன் பண்ணீங்க?”

அவள் மணல் தொட்டியின் பக்கம் திரும்பினாள்.

“முட்டையையுமா?” என்று கேட்டாள்.

“முட்டையையும்தான்.”

ஊசி போடும் நாளன்று அவள் அறையை விட்டு வெளியே போகவில்லை. முதலில் மயக்க ஊசி, அது தூங்கியபின் அடுத்தது. ஒவ்வொன்றாக. பெரியவளின் முறை வந்தபோது அவள்தான் பிடித்துக்கொண்டாள். விளக்குச் சூட்டில் கிடந்த உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடு கையுறையைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்தது. டாக்டரம்மா ஊசியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

வீட்டில் கொழுந்தன் மாடி அறையில் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

“முடிஞ்சுதா?” நேராக அவளைப் பார்த்துக் கேட்டான்.

“ம்.”

“நீங்க போன் பண்ணலன்னா இருந்திருக்கும்.”

“ஆமா.”

“நான் வாங்காம இருந்தாலும் இருந்திருக்கும். எங்கயோ ஒரு மரத்துல.”

அவன் குரல் உடைந்துவிட்டது. தோளைத் தொட்டு ஆறுதல் சொல்ல அவளுக்குத் துணிவில்லை. ஒரு கண்ணாடிப் பலகையின் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.

கீழே குழந்தை கேட்டது. “பெரியவ எப்போ வருவா?”

அண்ணி சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். அவன் சொல்வான் என்று அவள்.

“வரமாட்டா கண்ணு, செத்துட்டா” என்று கடைசியில் அவள்தான் சொன்னாள்.