குடையும் நாற்பத்தாறும்

என் கணவர் பென்சில் பிடித்து நான் பார்த்தது போன் நம்பர் எழுதும்போது மட்டும்தான். அதையும் ஒழுங்காக எழுதமாட்டார். ஒன்றும் ஏழும் அவர் கையில் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் முப்பது வருஷமாக எந்தப் பேட்டியிலும் முதல் வாக்கியம் இதுதான்: "கோடுதான் தாய், நிறம் பிள்ளை. நூறு தடவை வரைந்து பார்க்காமல் நான் தூரிகையைத் தொடுவதே இல்லை." சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். இவருக்கு அது வாய்ப்பழக்கம்.

அவர் வேலை செய்யும் விதம் எனக்குத் தெரியும். காலையில் கான்வாஸ் முன்னால் நின்று அரைமணி நேரம் அதை முறைப்பார். பிறகு முன்னறைக்கு வந்து என் மேஜையோரம் சும்மா நிற்பார். வெளிச்சத்தை மறைக்காதீர்கள் என்று நான் விரட்டுவேன். திரும்பிப் போய் அகலத் தூரிகையால் ஒரே இழுப்பு. அதற்குத்தான் உலகம் முழுக்கப் பேர்.

நான் பெண்களுக்குத் துணி தைப்பவள். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய பிரவுன் பேப்பர் வைத்திருக்கிறேன். முன்பக்கம், முதுகு, கழுத்து, கை வளைவு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அதில் வரைந்திருக்கும், பக்கத்தில் அளவு எண்கள். பெயர் மட்டும் எழுதமாட்டேன். ஆளுக்கொரு சின்னம் போட்டு, அதே சின்னம் போட்ட அட்டையை அவர்களிடம் கொடுத்துவிடுவேன். ஒரு பெண்ணின் இடுப்பளவு அவள் புருஷனுக்குக்கூடத் தெரியாது, எனக்குத் தெரியும். 'அளவு வெளியே போகாது' என்கிற அந்த ஒரு நம்பிக்கையில்தான் என் கடை ஓடுகிறது.

அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. அவருடைய ஓவியங்களில் கோட்டுச் சித்திரத்தின் பங்கு பற்றி ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். முப்பது வருஷமாக வரைந்த அந்தச் சித்திரங்களைத் தந்து உதவ வேண்டுமாம். மனிதர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், நான் நூல்கண்டு வாங்கப் போயிருந்த நேரத்தில், அருங்காட்சியகத்தின் ஆராய்ச்சியாளர் நேரிலேயே வந்துவிட்டார். தையல் மெஷின்மேல் பையை வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். முன்னறையில் இடமில்லாமல் என் கணவரின் அறையில் என் பேப்பர்களை நான் போட்டு வைத்திருந்த இழுப்பறையைத் திறந்திருக்கிறார்.

திரும்பி வந்தால் இழுப்பறை காலி.

"அவராவே திறந்தார், அவராவே எடுத்தார். கண்ணுல தண்ணி வந்துடுச்சு அந்த ஆளுக்கு," என்றார் என் கணவர்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"அதான் கேக்கறேன். ஏன் ஒண்ணும் சொல்லல?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார். "மூணு மாசம்தான். திருப்பித் தந்துடுவாங்க. அது என்னன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"அதுல இருக்கறது என்கிட்ட தைக்கறவங்க உடம்பு. சுவத்துல மாட்டப் போறாங்க."

உடனே போய்ப் பிடுங்கி வந்திருப்பேன். ஆனால் எதைச் சொல்லிக் கேட்பது? அவை துணி வெட்டும் தாள்கள் என்று சொன்ன மறு நிமிஷம், நூற்றுப் பன்னிரண்டு பெண்களின் அளவு ஊருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவருடைய பொய்க்கு நான் கூரை போட்டவள் ஆவேன். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் திறப்பு நாள் வரை கிடந்தேன்.

சிறப்பு விருந்தினராக வந்தவர் நீதிபதி அம்மா. என்னிடம் இருபது வருஷமாகத் தைக்கிறவர். அளவெடுக்கும்போது நான் எண்ணை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அப்படி ஒரு சுபாவம். அவருடைய சின்னம் குடை. அந்தக் குடை இப்போது முதல் சுவரில், கண்ணாடிக்குப் பின்னால், தனி விளக்கோடு தொங்கியது. அதன் கீழே தடித்த பென்சிலில், என் கையெழுத்தில்: 46.

அதன் பக்கத்திலேயே என் கணவரின் பேர்போன ஓவியம், 'நதி - ஏழு'. ஒரு தடவை பார்த்தேன். மறுபடி பார்த்தேன். உலகமே கொண்டாடிய அந்த நீல வளைவு நீதிபதி அம்மாவின் கை வளைவு. தோள் ஏற்றம், அக்குள் இறக்கம், கொஞ்சமும் பிசகவில்லை. அடுத்த சுவரிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும். மேஜையோரம் சும்மா நின்ற மனிதர் சும்மா நிற்கவில்லை. இந்தக் கோடுகளிலிருந்துதான் ஓவியங்கள் பிறந்தன என்று ஆராய்ச்சியாளர் சொன்னது அத்தனையும் சரி, வரைந்த ஆளைத் தவிர. எனக்குக் கோபம் வந்தது. அதற்கு முன்னால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம் வந்தது.

நீதிபதி அம்மா குடையைப் பார்த்துவிட்டார். எண்ணையும் பார்த்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். கோர்ட்டில் அந்தப் பார்வைக்கு எத்தனை பேர் உள்ளே போனார்களோ.

ஒரு நிருபர் கேட்டார்: "சார், நாப்பத்தாறுன்னா என்ன அர்த்தம்?"

என் கணவர் வாயைத் திறந்தார். உண்மை வரப் போகிறதா பொய் வரப் போகிறதா என்று தெரியவில்லை. எது வந்தாலும் ஆபத்து.

"அவரைக் கேட்டு பிரயோஜனம் இல்ல. வரைஞ்சது நான்," என்றேன்.

ஆராய்ச்சியாளர் மெதுவாகக் கேட்டார்: "நீங்களா? அப்ப இது என்னதுங்க மேடம்?"

"அதைச் சொல்றதா இல்ல."

"அந்த எண்?"

"அதையும்தான்."

எல்லோரும் என் கணவர் பக்கம் திரும்பினார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அவதான் வரைஞ்சா," என்றார். "எனக்கு வரைய வராது. பார்த்துப் பார்த்து எடுத்துக்குவேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மறுநாள் பத்திரிகையில் அவருடைய அடக்கத்தைப் பற்றி மூன்று பத்தி. விளக்கம் சொல்ல மறுக்கும் கலைஞர் என்று என்னைப் பற்றி ஒரு வரி. தாள்களைக் கழற்றுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். இப்போதுதான் கூட்டம் வருகிறது என்று கும்பிட்டார்கள். நான் என்ன தொழில் செய்கிறேன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஓவியரின் மனைவிக்குத் தொழில் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

நீதிபதி அம்மா அன்று என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார். அவருடைய புதுக் கறுப்புக் கோட்டுக்கான துணி வெட்டாமல் மேஜையில் கிடந்தது. முதல் வாரம் வரவில்லை. இரண்டாவது வாரமும் வரவில்லை. இவர் போனால் இன்னும் எத்தனை பேர் போவார்களோ என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். என் கணவர் அந்தப் பதினைந்து நாளும் முன்னறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, தூரிகையையும் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கார் வந்து நின்றது. நீதிபதி அம்மா உள்ளே வந்தார். கைப்பையை நாற்காலியில் வைத்தார். நான் மெஷினை விட்டு எழுந்தேன்.

அவர் திரும்பிப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். என் முன்னால் வந்து நின்று, அளவெடுக்க வாகாக இரண்டு கைகளையும் தூக்கினார்.