வில்கின் குடித்த மால்ட்டா

பேஸ்பால் ஆட்டத்தில் இரண்டு முறை மட்டை பிடித்து, இரண்டு முறையும் பந்தைக் கரும்புக்காட்டு ஓரம்வரை அடித்துவிட்டு வந்த பெண் சந்தோஷமாகத்தானே உட்கார்ந்திருக்க வேண்டும்? நெரேய்டா உட்கார்ந்திருந்த லட்சணமே வேறு. முகம் உர்ரென்று இருந்தது.

அவளுக்குச் சந்தேகம். ஆட்டம் தொடங்குமுன், கடை வைத்திருக்கும் அவளுடைய அப்பா டிபுர்சியோ, எதிரணியில் பந்து வீசும் வில்கினை வேலியோரம் தனியே அழைத்துக் குசுகுசுத்ததை அவள் பார்த்துவிட்டாள். பேச்சு முடிந்ததும் வில்கின் கையில் மால்ட்டா என்கிற இனிப்புப் பானம் மூன்று பாட்டில், சில்லென்று. ஒரு மிட்டாயைக்கூடச் சும்மா கொடுக்காத மனுஷன்! அதுவும் இன்றைக்கு, பெண்களின் தேசிய அணிக்கு ஆள் பார்க்க தலைநகர் சாண்டோ டொமிங்கோவிலிருந்து ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்திருக்கும்போது?

பதினான்கு வயது. பையன்கள் அணியில் ஒரே பெண். மூன்று வருஷம் உள்ளங்கைத் தோல் உரிய உரியப் பயிற்சி எடுத்தவள். அந்த அம்மாள் தன்னை எடுத்துக்கொண்டாலும், அது பிச்சையாகக் கிடைத்த அடிகளுக்காக என்றால், சே, என்ன மானங்கெட்ட பிழைப்பு!

வேலிக்கு ஓடினாள்.

“அப்பா, வில்கின்கிட்ட என்ன சொன்னே?”

“நானா? வெயிலா இருக்கே, பையன் வாடிப்போயிடுவானேன்னு...”

“எங்க டீம் பசங்க மட்டும் நிழல்லயா நிக்கிறாங்க? என் கண்ணைப் பாத்துச் சொல்லு.”

டிபுர்சியோ வானத்தைப் பார்த்தார். “மழை வரும்போல,” என்றார். மேகம் ஒரு பொட்டுகூட இல்லை.

மூன்றாவது முறை ஆட வந்தவள், பின்னால் குந்தியிருந்த எதிரணிக் கேட்சரிடம் கேட்டாள். “டேய், உங்காளு எனக்கு மெதுவாப் போடுறானா?”

“அடிச்சுத் தொலைக்கிறதும் நீ, இதுல கேள்வி வேறயா! மட்டையைத் தூக்கு.”

அதுவும் நடிப்பாகத்தான் பட்டது அவளுக்கு. வில்கின் சிரிக்கிறானா, முறைக்கிறானா என்று உற்றுப் பார்த்தாள். அவன் கையைச் சுழற்றினான்.

பந்து நேரே அவள் விலாவில் வந்து விழுந்தது. மூச்சே நின்றுவிட்டது. முழங்கால் மண்ணில் பட்டது.

டிபுர்சியோ வேலி தாண்டிக் குதித்தார். அந்தத் தொப்பையோடு எப்படித் தாண்டினாரோ! “அடப்பாவி! மெதுவாப் போடுன்னுதானேடா மூணு பாட்டில் குடுத்தேன்? குடிச்சிட்டு என் பொண்ணையே கொல்றியா?”

மைதானம் முழுக்கக் கேட்டது. அந்த அம்மாளுக்கும்தான். நெரேய்டாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வில்கின் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். “குடிச்சேன், ஆமா! மெதுவா ஒண்ணாவது போட்டேனா? ரெண்டு தடவையும் என்கிட்ட இருக்கிறதுலயே வேகமானதைத்தான் போட்டேன், வெளுத்துட்டா! மூணாவதும் அடிச்சா நான் ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமா? பயந்து விலகட்டும்னுதான் உடம்பை ஒட்டி உள்ள போட்டேன். இவ என்னடான்னா நகரவே மாட்டேங்குறா!”

நெரேய்டா அவனையே பார்த்தாள். பொய் சொல்கிற முகம் அல்ல அது. ஆத்திரத்தில் கன்னம் துடித்துக்கொண்டிருந்தது. இரக்கப்பட்டுப் பந்து போடுகிறவன் விலா எலும்பைப் பார்த்தா போடுவான்? அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எழுந்தாள். அடிபட்ட இடத்தைத் தடவவில்லை. பந்து பட்ட இடத்தைத் தடவுவது இந்த ஊரில் கேவலம்.

பந்து உடம்பில் பட்டால் முதல் பேஸ் ஆட்டக்காரருக்கே; அதை நோக்கி நடந்தாள். பின்னாலேயே டிபுர்சியோ ஓடி வந்தார். “வலிக்குதாம்மா? போதும்மா, வா, வீட்டுக்குப் போயிடலாம்.”

“வெளிய போப்பா,” என்றாள் நெரேய்டா. “ஆட்டம் நடக்குது.”