பாட்டில்லாத டைல்ஸ் வீடியோ

கிருஷ்ணப்பாவுக்கு நான் தர வேண்டியிருந்தது ஆறாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். ஜீவனஹள்ளியில் மொபைல் கடை வைத்திருப்பவர் அவர். வீடியோவில் வரும் காசில் அடைத்துவிடலாம் என்று நம்பி, அவரிடம் தவணைக்கு ஒரு போன் வாங்கியிருந்தேன். மூன்று மாதத் தவணை நின்றுபோனதும், சனிக்கிழமைக்குள் மீதியைக் கட்டு, இல்லாவிட்டால் போனை வைத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். முப்பது வருஷம் முட்டிபோட்டுச் சம்பாதித்ததில் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது. எழுதப் படிக்கக் கற்றதே நாற்பத்துநாலு வயதில்தான், அன்னம்மாள் டீச்சரின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். அவர் புண்ணியத்தில், நான் எடுக்கும் வீடியோவுக்குக் கீழே இரண்டு வரி நானே எழுத முடிந்தது.

வீடியோவில் என் முகம் வராது. என் கையும் ஒரு ரூபாய் நாணயமும் மட்டும்தான். ஒட்டிய டைல்ஸை நாணயத்தால் தட்டினால், அடியில் கலவை நிறைந்திருந்தால் கெட்டியாகக் கேட்கும். காற்று இருந்தால் காலி டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்கும். அந்த டைல்ஸ் ஒருநாள் உடையும். இதைத்தான் காட்டுவேன்.

ஒரு பெரிய ஆப்பில் பதினோராயிரத்து நானூறு பேர் பார்த்தார்கள். காசு வர ஆரம்பிக்கும் நேரத்தில் கணக்கை மூடிவிட்டார்கள். வேலை இடத்தில் பாட்டு ஓடாமல் எங்களுக்குக் கை ஓடாது. காலையில் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே பாட்டைப் போட்டுவிடுவோம். என் எல்லா வீடியோவிலும் பின்னால் சினிமாப் பாட்டு. பாட்டுக்கு உரிமை உள்ளவர்கள் புகார் செய்ய, மூன்று முறை எச்சரிக்கை வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்ததால் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன்.

அப்போது மல்லேஸ்வரத்தில் லாவண்யா மேடம் வீட்டில் வேலை. ஐ.டி.யில் இருப்பவர். நானும் என் கூட்டாளி ரவியும் புலம்பியதைக் கேட்டுவிட்டு வந்தார்.

"அண்ணா, நாங்க சில பேர் சேர்ந்து, வீடியோ போட்டுப் பாக்குற மாதிரி ஒரு சர்வர் நடத்துறோம். அங்க வாங்களேன்."

"அதுக்கு ஓனர் யாரு மேடம்?"

"எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஓனர்னு யாரும் இல்ல. எங்களது ஒரு வீடு மாதிரி. இதே மாதிரி நிறைய பேர் தனித்தனியா நடத்துறாங்க. ஒரு வீட்ல பேசினா மத்த வீட்லயும் கேக்கும்."

"நீங்க காலி பண்ணச் சொல்லிட்டா?"

சிரித்துவிட்டார். "வேற வீட்டுக்குப் போயிடலாம். உங்களப் பாக்குறவங்களும் கூடவே வந்துடுவாங்க. பழைய வீடியோ மட்டும் வராது. அத நீங்கதான் போன்ல பத்திரமா வெச்சுக்கணும்."

பதினாலு வாடகை வீடு மாறியவன் நான். ஒவ்வொரு முறையும் சட்டிபானையைத்தான் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. அக்கம்பக்கத்து ஆட்களைக் கூட்டிப்போக முடிந்ததில்லை. அந்த ஒரு பேச்சே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ரவிக்குப் போதவில்லை. "காசு வருமா மேடம்?"

"வராது. விளம்பரமே கிடையாது."

"கூட்டம்?"

"கொஞ்சம்தான்."

"அண்ணா, காசும் இல்ல, கூட்டமும் இல்ல. அங்க போயி என்ன பண்ணுவ, தியானமா?"

ரவி கேட்டதில் நியாயம் இருந்தது. அவன் போடும் காமெடி வீடியோவில் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் பாதி வந்துவிடுகிறது. அவன் பெரிய இடத்தை விட்டு வரமாட்டான். வா என்று நானும் சொல்லமாட்டேன்.

நான் போனேன். இரண்டு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். "நம்ம டீக்கடையில இதவிட அதிகம் பேர் நிக்கறான்" என்பான் ரவி. ஆனாலும் நான் வீடியோ எடுக்கும்போது, திட்டிக்கொண்டே பாட்டை நிறுத்திக் கொடுப்பான். பாட்டு நின்ற பிறகுதான் ஒன்று விளங்கியது. இத்தனை நாள் நான் தட்டிய சத்தம் யாருக்குமே ஒழுங்காகக் கேட்டிருக்காது.

கிருஷ்ணப்பா கெடு வைத்த வாரம், செவ்வாய்க்கிழமை, தாரணி என்று ஒரு பெண் எழுதியிருந்தார். வேறொரு சர்வரில் இருப்பவர். ஹெப்பகோடியில் புது ஃப்ளாட். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'எங்கள் கிச்சன் தரை உங்கள் வீடியோவில் வரும் காலி டப்பா டைல்ஸ் மாதிரி கேட்கிறது. ஒருவர் மொத்தத் தரையையும் பெயர்க்கச் சொல்கிறார்.' கூடவே, அவர் நாணயத்தால் தட்டிய சத்தம்.

காதில் வைத்து நாலு முறை கேட்டேன். எல்லாம் கெட்டுப்போகவில்லை. 'பெயர்க்க வேண்டாம். காலி டப்பா சத்தம் வரும் டைல்ஸில் மட்டும் சாக்பீஸால் கோடு போடுங்கள்' என்று எழுதினேன். பதினேழு டைல்ஸில் கோடு போட்டுப் படம் அனுப்பிவிட்டு, "நீங்களே வந்து மாத்திக் குடுங்கண்ணா" என்று போனில் கூப்பிட்டார்.

புதன், வியாழன், வெள்ளி வேலை. பால்கனியில் தண்ணீர் நின்றதையும் சேர்த்துச் சரிசெய்தோம். காபி கொடுத்தபோது கேட்டேன்.

"எத்தனையோ பேர் வீடியோ போடறாங்க. என்னை எப்படிம்மா நம்பினே?"

"கேக்கறவங்க எல்லாருக்கும் பதில் எழுதுறீங்களே அண்ணா."

பதினோராயிரம் பேர் இருந்த இடத்தில் நான் ஒருவருக்கும் பதில் எழுதியதில்லை. இருநூறு பேர் என்றால் எழுத முடிகிறது. என் வேகத்துக்கு அதுதான் சரி.

ரவியின் கூலி, சாமான் செலவு போக, வீட்டில் இருந்ததையும் சேர்த்து ஆறாயிரம் தேறியது. சனிக்கிழமை கடைக்குப் போனேன். கிருஷ்ணப்பா எண்ணினார்.

"ஏனப்பா, முந்நூத்தம்பது கம்மி இருக்கே?"

கால் மாற்றி நின்றேன். காலடியில் ஏதோ அசைந்தது. பழக்கதோஷம், குனிந்து நாணயத்தால் தட்டினேன். காலி டப்பா. பக்கத்து டைல்ஸும் அதேதான்.

கிருஷ்ணப்பா கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏய், இத வீடியோ எடுத்துப் போட்டுடாதப்பா. மானம் போயிடும்!"

"எடுக்கல சார். ரெண்டு டைல்ஸ்தான். நாளைக்கு ஒட்டிக் குடுத்துடறேன். கூலி முந்நூத்தம்பது."

என்னையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்ல ஒட்டு. அப்புறம் பாக்கலாம்." போன் என் பையிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டினேன். கலவை இறுகட்டும் என்று விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை போனேன். கிருஷ்ணப்பா என்னிடம் நாணயத்தைக் கேட்டு வாங்கினார். கடை டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, நாலு மூலையிலும் தட்டிக் கேட்டார்.

பிறகு எழுந்துபோய், நோட்டில் என் பெயர் இருந்த பக்கத்தைக் கிழித்து நாணயத்தோடு சேர்த்து என் கையில் கொடுத்தார்.

"கணக்கு ஆய்த்து, போ."