பேர்னாட் கேட்ட வட்டிலப்பம்

கேட்டதுதான் கேட்டார் மனுசன், தவக்காலம் பார்த்தா கேட்க வேண்டும்? அதுவும் கருப்பட்டியும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற வட்டிலப்பம். கல்லடி றோஸ்மேரி இனிப்புப் பைத்தியம் என்பது ஊரறிந்த கதை. வெறுந்தேநீரோடு மற்றவர்கள் கருப்பட்டியில் ஒரு கடி கடித்தால் அவளுக்கு முழுத்துண்டே வேண்டும். அப்பேர்ப்பட்டவள் இந்த வருசம் திருநீற்றுப் புதனன்று அந்தோனியார் முன்னால் முழங்காலில் நின்று நேர்த்தி வைத்திருந்தாள். புருசன் பேர்னாட்டின் தொண்டைப் புற்று மாற வேண்டும். அதற்காக உயிர்த்த ஞாயிறு வரை இனிப்பென்று ஒரு துளிகூடத் தன் நாக்கில் படாது. தேநீருக்குச் சீனி இல்லை, வாழைப்பழம்கூட இல்லை.

கதிர்ச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பேர்னாட், கோப்பையைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார். கஞ்சி வேண்டாம், சூப் வேண்டாம், ஆசையாய் வாங்கிய வாவி இறால் வேண்டவே வேண்டாம். ஒரு காலத்தில் கதவு நிலையைத் தனி ஆளாய்த் தோளில் தூக்கிய தச்சர், இப்போது சாரத்தை இடுப்பில் நிறுத்தப் படாத பாடு பட்டார். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது நிறை இன்னும் குறைந்திருந்தால் வயிற்றில் குழாய் போட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து பேர்னாட் கதைப்பதையும் குறைத்துக்கொண்டார்.

அப்படி இருக்கையில்தான் ஒருநாள் அவராகவே வாய் திறந்தார்.

"றோசு, காத்தான்குடி கபூர் முதலாளி வீட்டு வட்டிலப்பம் திங்கணும் போல இரிக்கி."

அப்துல் கபூர் முதலாளி வீட்டுக்குக் கதவு, யன்னல் செய்யத் தகப்பனோடு போன காலத்தில், பெருநாளைக்குக் கிண்ணத்தில் வந்த வட்டிலப்பம் அது. அதற்குப் பிறகு யுத்தமும் கலவரமுமாய்ப் பிரச்சினைக் காலம் வந்தது, போக்குவரத்து அறுந்தது, அதை ஆக்கிய முதலாளியின் மனைவியும் மௌத்தாகிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கிண்ணத்தின் கதையைக் கேட்டுக் கேட்டு றோஸ்மேரிக்குக் காது புளித்துப்போயிருந்தது. ஒரு வாய் தின்று பார்க்க மட்டும் அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் ஒன்றைத் தின்னக் கேட்டதே பெரிய காரியம். அன்றே கித்துள் கருப்பட்டி, முட்டை, தேங்காய், ஏலக்காய் எல்லாம் வாங்கி வந்தாள். ஆனால் ருசி பார்க்க முடியாதே. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி, கைக்கு வந்த அளவில் கலக்கி அவித்தாள். பக்கத்து வீட்டு அன்னப்பூரணியிடம், "ஒரு வாய் பாத்துச் சொல்லுகா" என்று நீட்டினால், "வெள்ளிக்கிழமையில நான் முட்டை திங்கிறல்ல, தெரியாதா உனக்கு?" என்று அவள் கையை மறித்துவிட்டாள். ஊரில் சாமிகளுக்குக் குறைவில்லை, அவசரத்துக்கு ஒரு நாக்குத்தான் கிடைக்கவில்லை.

பேர்னாட் ஒரு கரண்டி வாயில் வைத்தார். விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"இதில்ல," என்றார்.

கருப்பட்டியைக் கூட்டினாள். "இதில்ல." தண்ணீர் படாத முதற்பால் விட்டாள், சாதிக்காய் உரசிப் போட்டாள். "இதில்ல." மிஞ்சியதெல்லாம் அன்னப்பூரணி வீட்டுப் பிள்ளைகளுக்குப் போனது. அதுகளுக்கு அது பிழையாகவே தெரியவில்லை. மத்தியானமானால் வேலியடியில் வந்து நின்றன.

கடைசியில் றோஸ்மேரி வெட்கத்தை விட்டுக் காத்தான்குடிக்கே பஸ் ஏறினாள். கபூர் முதலாளியின் மருமகள் முப்லிஹா கதையை முழுக்கக் கேட்டாள்.

"எங்கட மாமிதான் எனக்கு அதைப் பழக்கின. நானே வந்து ஆக்கித் தாறன் அக்கா," என்று சொன்னவள், மறுநாளே சாமான்களோடு வந்து இறங்கிவிட்டாள்.

நோன்பு மாதம் அது. முப்லிஹாவும் நோன்பு. இனி இவளும் ருசி பார்க்கமாட்டாளே என்று றோஸ்மேரி கையைப் பிசைந்தாள்.

"ஆக்கிற ஆள் நுனி நாக்கில வச்சுப் பாத்துட்டுத் துப்பினா நோன்பு முறியாதுக்கா," என்றாள் முப்லிஹா. கலவையில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தாள், முற்றத்தில் துப்பினாள், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். "மாமிட அதே ருசி. ஒரு பிசகும் இல்ல."

நேர்த்தி வைக்கும்போது தானும் இப்படி ஒரு வழி விட்டு வைத்திருக்கலாமே என்று றோஸ்மேரிக்குத் தோன்றியது.

வட்டிலப்பம் சின்னச் சின்னத் துளைகளோடு கண் கண்ணாய் வெந்து வந்தது. பேர்னாட் கரண்டியை வாயில் வைத்தார். இரண்டு பெண்களும் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதில்ல."

றோஸ்மேரிக்கு வந்ததே கோபம்.

"அப்ப எதுதான் அது? அந்த வீட்டுக் கையே வந்து ஆக்கித் தந்திரிக்கி. நோன்போட நெருப்படியில நிண்ட புள்ளைக்கு முன்னால இப்பிடியா சொல்லுவீங்க? உங்களுக்குத் திங்க மனமில்ல. என்னைப் போட்டு ஆட்டி வைக்கிறீங்க."

பேர்னாட் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார்.

"எனக்கு ஒண்டுமே தெரியுதில்ல றோசு. கஞ்சியும் இதுவும் ஒண்டுதான், களிமண்ண வாயில வச்ச மாதிரி. ஆசுபத்திரியால வந்த நாள்ல இருந்து இப்பிடித்தான். இதாவது தெரியும் எண்டு நினைச்சன். வெளிய சொன்னா குழாயப் போட்டிருவாங்க எண்டு பயத்தில சொல்லல்ல."

சொல்லிவிட்டு மனுசன் அழுதார். அவர் அழுது றோஸ்மேரி பார்த்தது அன்றுதான். ஏசிய வாயை அறுத்துப் போடலாம் போல இருந்தது அவளுக்கு. அந்த ருசியை அறிந்த நாக்கு செத்துக் கிடக்கிறது. உயிரோடு இருக்கிற நாக்கு நேர்த்தியில் கட்டுண்டு கிடக்கிறது. நல்ல சோடிதான்.

சுவரில் இருந்த அந்தோனியார் படத்தைப் பார்த்தாள். இந்த உயிருக்காக வைத்த நேர்த்தி. உடைத்தால் இந்த உயிருக்கே ஏதும் வந்துவிடுமோ என்று பயம் வந்தது. உடைக்காவிட்டால் இவர் தின்னாமலே போய்விடுவார். 'அந்தோனியாரே, இது குற்றம் எண்டா என்ர தலையில போடும். இவரை விட்டிரும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கிண்ணத்தில் ஒரு கரண்டி அள்ளித் தன் வாயில் வைத்தாள்.

"என்ன வேலை செய்றாய்? நேர்த்தி இரிக்கிதே," பேர்னாட் பதறிப்போனார்.

"சும்மா இருங்க. என்ன தெரியணும் உங்களுக்கு? என்னட்டக் கேளுங்க."

அவர் பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏலக்காய் முன்னுக்கு வருதா?"

"இல்ல. கருப்பட்டிதான் முன்னுக்கு. கொஞ்சம் புகை மணம் இரிக்கி. விழுங்கின பிறகுதான் ஏலக்காய் வருது."

"ஓம்." பேர்னாட் கண்ணை மூடிக்கொண்டார். "பால்?"

"நல்ல தடிப்பு. தானாக் கரையுது."

"கடைசியில சாடையா ஒரு கசப்பு வரும்."

றோஸ்மேரி இன்னொரு கரண்டி வைத்தாள். அவசரப்படாமல் விழுங்கினாள். எல்லா இனிப்புக்கும் பின்னால் சின்னதாக ஒரு கசப்பு இருந்தது.

"இரிக்கி. இப்பதான் வந்தது."

"அப்ப இதுதான்," என்றார் பேர்னாட்.

முப்லிஹா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பேர்னாட் கண்ணைத் திறக்காமலே கரண்டியைத் தேடி எடுத்து, ஒரு வாய் வைத்தார். விழுங்கும்போது நோவில் முகம் சுருங்கியது. ஆனால் விழுங்கினார்.

"இன்னொரு வாய் சொல்லு," என்றார்.

றோஸ்மேரி கிண்ணத்தை இரண்டு பேருக்கும் நடுவில் இழுத்து வைத்துக்கொண்டு, அடுத்த கரண்டியை அள்ளினாள்.